சீட் உயரம் 63

2 நவம்பர் 2025, ஞாயிறு. காலை 7.10

விற்க வேண்டியவை 11. விற்றவை 7. மீதி 4. மீதி நாட்கள் 28.

மீதி நான்கு: மர பீரோ, சைக்கிள், இன்வெர்ட்டர், டைனிங் டேபிள்.

இந்த நோட்டு வீடு காலி செய்யும் கணக்குக்காகத்தான் ஆரம்பித்தது. மற்றதும் வந்து விழுகிறது, விழட்டும். கல்கத்தாவில் இந்த டாக்குரியா வீட்டை ப்ரோமோட்டர் இடிக்கப் போகிறான். முப்பதாம் தேதி சாவி கொடுக்க வேண்டும். நியூ டவுனில் பதினான்காவது மாடி, இரண்டு ரூம், பால்கனி என்ற பெயரில் ஒரு அலமாரி. இருபத்தேழு வருஷத்துச் சாமானை அதற்குள் திணிக்க முடியாது. வால்யூம் கணக்கு போட்டு அம்மாவிடம் காட்டினேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னென்ன போகணுமோ போகட்டும்" என்றாள்.

சைக்கிள்?

"அதையும் வித்துடு. எடத்தை அடைக்குது."

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான்தான் தயங்குவாள் என்று நினைத்தேன். அப்பாவுடையதாயிற்றே. சரி. தெளிவான உத்தரவு. எனக்கு அதுதான் பிடிக்கும்.

விளம்பரம் போட்டாகிவிட்டது. "இங்கிலாந்து ஸ்டீல் ரோடு பைக், 1986க்கு முந்தையது. ஃபிரேம் 51 செ.மீ. பத்து கியர். ஒரிஜினல் பெயின்ட். ஒரே குடும்பத்தில் மூன்று கை: பெரியப்பா, அப்பா, நான். கடைசியாக ஓட்டியவர் அப்பா."

பட்டாபி பெரியப்பா கோயமுத்தூரில் ரேஸ் ஓட்டியவர். ஒரு கப்பல் எஞ்சினியரிடம் வாங்கியது. அப்பாவுக்கு 98இல் கல்கத்தா துறைமுகத்துக்கு மாற்றல் வந்தபோது தம்பிக்குக் கொடுத்துவிட்டார். நான் ஒரு நாளும் ஓட்டியதில்லை. என் உயரத்துக்கு அது பொம்மை. வரிசையில் மூன்றாவது ஆள் என்பதால் பெயரைப் போட்டேன்.

4 நவம்பர், செவ்வாய்

விசாரணைகள் ஒன்பது. உருப்படியானது ஒன்று. ஒருவன் "இதில் குழந்தை சீட் வருமா" என்கிறான். ஒருவன் பீரோவையும் சேர்த்துக் கேட்கிறான்.

5 நவம்பர், புதன்

அந்த ஒன்று வந்தது. பெயர் சதீஷ். நியூ டவுனிலேயே வேலை, நம் ஊர்க்காரன், மதுரை. வீட்டில் ஏற்கெனவே மூன்று பழைய சைக்கிள்கள் வைத்திருக்கிறானாம். டார்ச் கொண்டு வந்திருந்தான். ஃபிரேமைத் தட்டிப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான். எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

பிறகு சீட்டை உயர்த்தப் பார்த்தான். அசையவில்லை. நான் திருகினேன். அசையவில்லை. இரண்டு பேரும் திருகினோம்.

"பாஸ், சீட் கம்பி செத்துப் போச்சு. உள்ளயே புடிச்சிருக்கு."

"எடுத்துடலாம்."

"எடுத்துட்டு சொல்லுங்க. இவ்ளோ கீழ வெச்சு யாரு ஓட்டுறது? ஸ்கூல் பிள்ளையா?"

எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறான். விலையில் பிரச்சினை இல்லை. அவன் போனதும் அளந்து வைத்தேன்: சீட் உயரம் 63, நடுவில் போகும் பார் கம்பி தரையிலிருந்து 76.

8 நவம்பர், சனி

துரு இளக்கும் ஸ்ப்ரே, மூன்று நாள், ஆறு தடவை. வெந்நீர். ஐஸ். ரப்பர் சுத்தியல். எதற்கும் அசையவில்லை.

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். அலுமினியக் கம்பி, ஸ்டீல் குழாய், நடுவில் தண்ணீர். மூன்றும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து உப்பாகி உப்பிக்கொள்ளும். சிமென்ட் மாதிரி. தண்ணீர் எப்படி உள்ளே போனது? மழையில் அப்பா ஓட்டமாட்டார். அப்புறம் ஞாபகம் வந்தது. ஆயுத பூஜை. அம்மா சைக்கிளைப் படிக்கட்டில் நிறுத்தி, சீட்டில் ஆரம்பித்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சந்தனம் குங்குமம் வைப்பாள். இந்த ஊரில் செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜைக்கும் ரிக்‌ஷா, லேத், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றுக்கும் பூஜை. தெருவே செய்கிறதே என்று அதற்கும் ஒரு குடம். ஆக வருஷத்துக்கு இரண்டு குடம், நேராகக் கம்பியின் பிளவுக்குள்.

போய்ச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். "சாமி கும்பிட்டே கொன்னுருக்க மா. ஒரு துணியால துடைச்சா சரஸ்வதி கோவிச்சுக்குமா?"

அம்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தினாள்.

"உன்ற அப்பா ஒண்ணும் சொல்லல."

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும்" என்றாள். மறுபடி கிரைண்டரைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் என்ன பேச முடியும்.

9 நவம்பர், ஞாயிறு

ஸ்டேஷன் பக்கம், பாலத்துக்குக் கீழே, கார்த்திக் தா சைக்கிள் ரிப்பேர் கடை. தா என்றால் அண்ணன். அறுபது வயசு இருக்கும். சைக்கிளைப் பார்த்ததும் "பௌதிர் சைக்கிள்" என்றார். அண்ணியோட சைக்கிள். அம்மாவை அவர் பௌதி என்றுதான் கூப்பிடுவார். இந்த ஊரில் வீட்டில் உள்ள எல்லாமே பௌதியுடையதுதான் என்று நினைத்து விட்டுவிட்டேன். நானும் பெங்காலியிலேயே, கம்பியை எடுக்க வேண்டும் என்றேன்.

சக்கரங்களைக் கழற்றினார். சீட்டைக் கழற்றினார். ஃபிரேமைத் தலைகீழாகத் தூக்கி, கம்பியின் தலையை வைஸில் கடிக்க வைத்தார். அப்புறம் ஃபிரேமையே ஒரு நீள ஸ்பேனராக நினைத்து, அவர் ஒரு முனை, நான் ஒரு முனை, சுற்றினோம். நேரான, நேர்மையான முறை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். முப்பத்தைந்து நிமிஷம். ஒரு கட்டத்தில் கதவு கீல் கத்துவதுபோல் ஒரு சத்தம், அப்புறம் அரை மில்லிமீட்டர், அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம். வெள்ளைப் பொடி கொட்டியது. சந்தன வாசனை வந்தது என்று எழுதினால் பொய். துரு வாசனைதான்.

துடைத்துப் பார்த்தேன். கம்பியில் மூன்று வளையங்கள். சீட் எந்த உயரத்தில் வெகுநாள் இறுக்கப்பட்டிருந்ததோ அங்கெல்லாம் பிடி கடித்த தடம். கீழே இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். மூன்றாவது மேலே, தள்ளி. சிக்கியது அந்த மூன்றாவதில். அதுதான் ரொம்ப ஆழம்.

"இவ்வளவு குட்டையா வெச்சு யார் ஓட்டினது?" என்றேன்.

கார்த்திக் தா என்னைப் பார்த்த பார்வையை எந்த மேனேஜரும் பார்த்ததில்லை.

"பௌதி. வேற யாரு?"

பிறகு சொன்னார். 2017இல் அப்பா இதே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாராம். கம்பி சிக்கிக்கொண்டது என்று. எடுத்துத் தருகிறேன், அரை மணி நேரம் என்று இவர் சொல்லியிருக்கிறார். அப்பா கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். அப்புறம் "தாக்" என்றாராம். இருக்கட்டும். "அவ உயரத்துலதான் நிக்குது. இருக்கட்டும்." செயினுக்கு மட்டும் எண்ணெய் போட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

காசு கொடுத்தேன். தள்ளிக்கொண்டு வந்தேன்.

அதே நாள், மதியம் 3.40

ஒருவர் சொல்வதை வைத்து முடிவு எடுக்கக் கூடாது. அளந்தேன்.

பெடல்கள் சுற்றும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை, சிக்கியிருந்த நிலையில், 63 செ.மீ. நான் புதன்கிழமையே எழுதி வைத்திருந்தேன். மூன்றாவது வளையத்திலிருந்து இரண்டாவது 6. அதிலிருந்து முதலாவது 2. ஆக மூன்று சீட் உயரங்கள்: 71, 69, 63. கவட்டிலிருந்து பாதம் வரை, காலின் உள்ளளவை 0.883ஆல் பெருக்கினால் சீட் உயரம். திருப்பிப் போட்டால் கால்: 80.4, 78.1, 71.3.

பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். கால் உள்ளளவு என்ன என்று கேட்டேன்.

"ஏன்டா, பேன்ட் தெச்சுத் தரப் போறியா?"

"அளந்து சொல்லுங்க பெரியப்பா. செருப்பு இல்லாம."

பெரியம்மாவைக் கூப்பிட்டு டேப் வைத்து அளந்து, "எண்பது. வயசாகிக் குறைஞ்சிருக்கும், பாத்துக்க" என்றார். முதல் வளையம்.

அப்பாவுக்குப் போன் செய்ய முடியாது. நான்கு வருஷம் ஆகிறது. பீரோவைத் திறந்தேன். விற்பதற்காகக் காலி செய்யச் சொல்லியிருந்தேன், அம்மா ஒரு தட்டைக் காலி செய்யவில்லை. மடித்த பேன்ட் நான்கு. ஒன்றை எடுத்துக் கட்டிலில் விரித்து அளந்தேன். முப்பதே முக்கால் அங்குலம். 78.1. தசமம் வரை சரியாக வரும்போது எனக்குப் பொதுவாக நன்றாக இருக்கும். இன்று அப்படி இல்லை. பேன்ட்டைத் திரும்ப மடிக்கத் தெரியவில்லை. அவள் மடித்திருந்த மாதிரி வரவில்லை.

மூன்றாவது — கொடியில் அம்மாவின் ட்ராக் பேன்ட் காய்ந்துகொண்டிருந்தது. டேப்பை வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"என்ற பேன்ட்டை எதுக்கு அளக்கற?"

"நீ சைக்கிள் ஓட்டினியா?"

"ஓட்டினேன். ஏன்?"

"எப்போ?"

"நீ திருச்சி ஹாஸ்டலுக்குப் போன வருஷத்துலருந்து. காலைல டிபன் கட்டற வேலை இல்ல. என்ன பண்றது? கோயமுத்தூர்ல காலேஜுக்கு சைக்கிள்லதான போனேன்."

ஒரு நாள் அப்பா, ஒரு நாள் அம்மா. ஒவ்வொரு மாலையும் மறுநாள் யாருடையதோ அந்த உயரத்துக்கு அப்பா ஆலன் கீயால் சீட்டை மாற்றி வைப்பாராம். மூன்று வருஷம். அப்புறம் கம்பி சிக்கியது.

"என்ற நாள்ல சிக்கிக்கிச்சு" என்றாள். சொல்லும்போது லேசாகச் சிரித்தாள், அதை மறைக்கவும் இல்லை.

"அப்பா?"

"அவர் நடக்க ஆரம்பிச்சுட்டார். லேக் ரோட்ல அவர் ஒரு சுத்து நடக்கறதுக்குள்ள நான் மூணு தடவ தாண்டிப் போவேன். ஒவ்வொரு தடவயும் கைய நீட்டி டாக்ஸி நிறுத்தற மாதிரி நிறுத்துவார். நான் நிக்க மாட்டேன்."

லீவில் வந்தபோதெல்லாம் நான் ஒன்பது மணிக்கு எழுந்தேன். அவர்கள் ஆறரைக்கு வீடு திரும்பியிருப்பார்கள். ஒன்பது வருஷம் — எத்தனை லீவு? ஒரு நாள்கூட ஆறு மணிக்கு எழவில்லையா நான்?

10 நவம்பர், திங்கள். பஸ்ஸில்

விளம்பரத்தில் மூன்று கை என்று போட்டேன். மூன்று கைதான். மூன்றாவது ஆள்தான் தப்பு.

மாற்றல் வந்தபோது பெரியப்பா அப்பாவுக்குக் கொடுத்தார். 2017இல், ஒரு டீ குடிக்கும் நேரத்தில், அப்பா அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்கேகூட. சரிசெய்யாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான். கொடுப்பதில் இப்படி ஒரு வகை இருக்கிறதா?

அதை நான் மர பீரோவுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் ஒன்பதாம் எண் போட்டு விற்கிறேன்.

11 நவம்பர், செவ்வாய்

சதீஷுக்கு கம்பியின் போட்டோ அனுப்பியிருந்தேன். பதில்: "மார்க் விழுந்திருச்சே பாஸ். ஒரிஜினாலிட்டி போச்சு. எனக்கு வேணாம்." எடுக்கச் சொன்னதே அவன்தான். வழக்கமாக இருந்தால் நான்கு வரி திட்டியிருப்பேன். "நன்றி" என்று அனுப்பினேன்.

விளம்பரத்தை எடுத்துவிட்டேன். சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். "சைக்கிளை விக்கல. உன்னோடது. நியூ டவுனுக்குக் கொண்டு போறோம், நீ ஓட்டு."

அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். உண்மையைத்தானே எழுத வேண்டும், எதிர்பார்த்தேன்.

"விக்கச் சொன்னேன்ல?"

"அப்போ எனக்குத் தெரியாது."

"இப்ப என்ன தெரிஞ்சுது உனக்கு?" தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பாதிச் சோறு இருந்தது.

12 நவம்பர், புதன்

லிஃப்ட் உள் அகலம் 108, ஆழம் 136. முன் சக்கரம் கழற்றினால் சைக்கிள் 132. போகும். குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன்.

அம்மாவுக்கு என்ன கோபம்? அப்பா ஞாபகம் வருமா? அப்படியென்றால் அப்பா போனதும் நிறுத்தியிருக்க வேண்டும். கேட்டேன். "அப்பறமும் ரெண்டு வருஷம் ஓட்டினேனே" என்கிறாள். அப்படியானால் நிறுத்தியது 2023. நான் பெங்களூரிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டு வந்த வருஷம்.

நான் வந்தேன், அவள் நிறுத்தினாள். டிபன் கட்டும் வேலை திரும்ப வந்துவிட்டது. இதற்குமேல் டேட்டா தேவையா?

13 நவம்பர், வியாழன்

இனி டிபன் வேண்டாம், ஆபீஸ் கேன்டீனில் சாப்பிடுகிறேன் என்றேன். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துது, இன்னிக்கு என்ன என்ற இட்லிக்கு?" என்றாள். விளக்க முயன்றேன். மோசமாக விளக்கினேன்.

16 நவம்பர், ஞாயிறு

சீட்டை மூன்றாவது வளையத்திலேயே திரும்பப் பொருத்தினேன், கிரீஸ் தடவி. பிரேக் கட்டை நான்கும் புதிது. செயின் கழுவினேன். ஹாலில், அவள் பார்வை படும் இடத்தில் நிறுத்தினேன். அலாரம் ஐந்தரைக்கு வைத்து எழுந்து உட்கார்ந்திருந்தேன். அம்மா எழுந்து வந்தாள், என்னைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள்.

"காப்பி வேணுமா?"

அவ்வளவுதான்.

18 நவம்பர், செவ்வாய்

டயரில் ஞாயிறு அன்று காற்று 80 வைத்தேன். இன்று 71. யாரும் ஓட்டாமலே குறைகிறது.

19 நவம்பர், புதன்

இன்வெர்ட்டர் போனது. டேபிள் போனது. பீரோவை விற்கவில்லை, எங்கே வைப்பது என்று தெரியாது. வால்யூம் கணக்கு நாசம்.

ஒன்று. நான் அறையில் இருக்கும்போது அம்மா சைக்கிளிடம் போகிறாள். கதவு இடுக்கில் பார்த்தேன். துணியால் துடைக்கிறாள். துணியால்தான், தண்ணீர் இல்லை. ஹேண்டிலைப் பிடித்து, இரண்டு பிரேக்கையும் அழுத்தி, விட்டு, அழுத்தி. அப்புறம் கையை எடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். வேண்டாம் என்பவள் இப்படியா செய்வாள்?

22 நவம்பர், சனி

"நாளைக்கு ஒரு பொண்ணு வருது. சைக்கிள் பாக்க."

"எந்தப் பொண்ணு?"

"கார்த்திக் தா அனுப்பறார். ஜாதவ்பூர்ல படிக்கிற பொண்ணாம், நம்ம பக்கம்தான். நான்தான் அவர்கிட்ட சொல்லி வெச்சேன்."

எனக்கு வந்த கோபம் — "உன்னோட சைக்கிளை எதுக்கு மா விக்கற?" என்றேன்.

"என்னோடதுன்னா நான் விக்கலாம்ல?"

லாஜிக்கில் ஓட்டை இல்லை. அதனால் கதவைச் சாத்திக்கொண்டேன். இருபத்தொன்பது வயசு எனக்கு.

23 நவம்பர், ஞாயிறு. மதியம்

நிதானமாக எழுத வேண்டும்.

பத்து மணிக்கு வந்தாள். பெயர் தாரா. பிஎச்.டி., ஏதோ பூஞ்சை. ஊர் திண்டுக்கல். உயரம் நூற்று ஐம்பத்தைந்து இருக்கும். டார்ச் எல்லாம் இல்லை. அவளுக்கு டாக்குரியாவிலிருந்து ஜாதவ்பூர் போய்வர ஒரு சைக்கிள் வேண்டும், கடையில் இருப்பதெல்லாம் எடை என்றாள். நான் வேண்டுமென்றே குறைகளைச் சொன்னேன். கியர் பழசு. பெல் இல்லை. கேரியர் இல்லை. நடுவில் போகும் பார் கம்பி தரையிலிருந்து 76 செ.மீ., உங்களுக்கு உயரம், நிற்கும்போது தரையில் கால் ஊன்றாது.

"அப்ப எப்படிங்க ஏறுறது?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் ஓட்டியதில்லையே.

அம்மா காப்பி டம்ளர்களோடு வந்தாள். தட்டை என் கையில் கொடுத்தாள்.

"ஏன் ஏற முடியாது? நெட்டா நிறுத்திட்டு ஏறப்பாத்தாத்தான் முடியாது. உன்ற பக்கம் சாய்ச்சுக்கோ கண்ணு. நல்லா. விழாது, ஹேண்டிலைக் கெட்டியாப் புடி. அது படுத்துச்சுன்னா கம்பி தானா இறங்கும். அப்பறம் இந்தக் காலைப் பின்னாடி கொண்டு போயி, சீட்டுக்கு மேல, இப்படி —"

சைக்கிளைச் சாய்த்தாள். கைகள் இருந்த விதம் — யோசிக்கவே இல்லாத கைகள். வலது காலைப் பின்னால் தூக்கினாள்.

பாதியில் நின்றது.

இன்னொரு தடவை தூக்கினாள். முழங்கால் மடங்கவில்லை. பின்சக்கர உயரம்கூட வரவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு ஒரு நொடி அப்படியே நின்றாள், அப்புறம் காலைக் கீழே வைத்தாள்.

"இவ்வளவுதான் வருது" என்றாள் தாராவிடம். சாதாரணமாகச் சொன்னாள், பால் இன்னும் காயவில்லை என்பதுபோல. "ரெண்டு வருஷமா. மத்தபடி நடக்க, மாடி ஏற ஒண்ணும் தொந்தரவு இல்ல. இந்தக் கம்பியத் தாண்டத்தான் முடியல. உனக்கு வரும், போடு பாக்கலாம்."

தாரா போட்டாள். மூன்றாவது தடவை ஏறிவிட்டாள். அம்மா பின்னாலேயே கீழே போனாள், சந்தில் ஓட்டிப் பார்க்க. நான் தட்டோடு நின்றிருந்தேன். காப்பி மூன்றும் ஆறிவிட்டது.

மேலே வந்ததும் கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. "ஏன் மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவே? எக்ஸெல் ஷீட் போடுவே. மூணு டாக்டர், ஸ்கேன், காலைல இத்தன தடவ மடக்கு, சாயந்தரம் இத்தன தடவ நீட்டு. ரெட் கலர்ல காட்டும், அம்மா இன்னிக்குச் செய்யலைன்னு."

போட்டிருப்பேன். ரெட் கலர்கூடச் சரி.

"அதுக்காக விக்கணுமா?"

"அது ஹால்ல நின்னா தினமும் ஒரு தடவ ஏறிப்பாக்கத் தோணுது டா. நீ என்னடான்னா கண்ணு முன்னாடி கொண்டு வந்து நிறுத்தி வெச்சுட்டு ஓட்டு ஓட்டுங்கற."

24 நவம்பர், திங்கள்

பார் கம்பி 76. கால் 71. இரண்டு எண்ணும் இரண்டு வாரமாக இந்த நோட்டில், என் கையெழுத்தில் இருந்தது. அவள் கால் எட்டாத சைக்கிளை ஒன்பது வருஷம் ஓட்டினாள் என்று பெருமைப்பட்டேனே தவிர, எப்படி ஏறியிருப்பாள் என்று ஒரு தடவை யோசிக்கவில்லை. 0.883இல் வயசு இல்லை, முழங்கால் இல்லை.

டிபன் காரணம் இல்லை. அப்பா ஞாபகமும் இல்லை. நான் எத்தனை பெரிய காரணங்களைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

25 நவம்பர், செவ்வாய்

இன்று காலை இட்லி சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "பார் கம்பி இல்லாத சைக்கிள் இருந்தா?"

அம்மா சட்னி போட்டாள். இன்னொரு கரண்டி போட்டாள்.

"நியூ டவுன்ல சைக்கிளுக்குன்னு தனிப் பாதை இருக்காமே" என்றாள்.

"யார் சொன்னா?"

"போன்ல பாத்தேன். நீ ஃப்ளாட் காட்டினியே, அன்னிக்கே."

ஃப்ளாட் காட்டியது மார்ச் மாதம்.

26 நவம்பர், புதன்

லேடீஸ் சைக்கிள் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. லஞ்ச் பிரேக் முழுவதும் படித்தேன். எட்டு மாடல். அம்மாவுக்கு அனுப்பினேன், ஷீட் போடாமல், வெறும் போட்டோ. பதில்: "கூடை வெச்சது." கூடை வைத்ததில் கியர் இல்லை என்று அனுப்பினேன். பதில்: "கியரும் வேணும்."

29 நவம்பர், சனி. காலை 11

தாரா வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

விலை பேசியது அம்மா. நான் போட்டிருந்ததைவிடக் கூடச் சொன்னாள், தாரா வாய் திறப்பதற்குள் தானே குறைத்தாள், கடைசியில் என் விலைக்கே வந்து நின்றது. ரசீது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று என் பழைய விளம்பரத்தின் பிரின்ட்டைக் கேட்டாள். படித்துப் பார்த்து, "நான்" என்று இருந்த இடத்தை அடித்துவிட்டுப் பேனாவால் தன் பெயரை எழுதினாள்: வாசுகி இராமநாதன். கீழே கையெழுத்து.

"ஆன்ட்டி, இத்தன கை மாறி வந்திருக்கே" என்றாள் தாரா படித்துவிட்டு. "நாலாவதா என் பேரையும் எழுதிடுங்க."

அம்மா எழுதினாள்.

பிறகு சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னாள். பின் பிரேக் மழையில் கத்தும், பயப்படாதே. மேட்டில் நின்று மிதிக்காதே, உட்கார்ந்தே கியரை இறக்கு. சிக்னலில் நிற்கும்போது நடைபாதை ஓரமாகப் போய் அதில் காலை ஊன்று. "ஆயுத பூஜைக்கு?" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். முறைத்தாள். "துணியால துடை" என்றாள் தாராவிடம், என்னைப் பார்த்துக்கொண்டே.

தாராவுக்கு சீட் உயரம் அளந்தேன். 64. ஒரு சென்டிமீட்டர் ஏற்ற வேண்டும். ஆலன் கீயை எடுத்தேன், அம்மா கை நீட்டினாள், கொடுத்துவிட்டேன். தளர்த்தினாள். கம்பி வெண்ணெய் மாதிரி மேலே வந்தது. மூன்றாவது வளையம் பிடிக்கு மேலே தெரிந்தது, மெல்லிய ஒரு கோடு. அம்மா கட்டைவிரலால் அதைத் தேய்த்தாள். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தாளா, தெரியவில்லை. அது போகாது. அப்புறம் இறுக்கினாள்.

பால்கனியில் நின்று பார்த்தோம். தாரா சந்து முனையில் சாய்த்து, ஏறி, கொஞ்சம் தள்ளாடி, நிமிர்ந்து, டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் திரும்பினாள். அம்மா வலது கையை முன்னால் நீட்டினாள், டாக்ஸியை நிறுத்துவதுபோல. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"நிக்க மாட்டா" என்றேன்.

"நிக்கக் கூடாது" என்றாள்.

30 நவம்பர் 2025, ஞாயிறு. காலை 6.05

விற்க வேண்டியவை 11. விற்றவை 10. பீரோ வருகிறது, அதன் மேல் தட்டு காலி செய்யாமலே. லாரி எட்டு மணிக்கு. அம்மா எனக்கு முன்னால் எழுந்து காப்பி டம்ளர் இரண்டை மட்டும் கட்டாமல் வைத்திருக்கிறாள்.

இனி செய்ய வேண்டியவை:

1. பீரோ லிஃப்டில் போகாது. படிக்கட்டு. நான்கு பேர்.

2. சங்கத்துக்கு எழுதிய கடிதத்தைத் திருத்துவது. சைக்கிள் ஒன்று அல்ல, இரண்டு.

3. அம்மாவுக்கு: தாழ்ந்த ஃபிரேம், கியர், கூடை. ஏறும் இடத்தின் உயரம் 40 செ.மீ.க்கு மேல் கூடாது. கடையில் அவள் ஏறிப் பார்த்த பிறகுதான் காசு.

4. முழங்கால்: ஒரே ஒரு டாக்டர். தேதியை அவள் சொல்லட்டும். ஷீட் கிடையாது.

5. எனக்கு: ஏதாவது ஒன்று. சீட் உயரம் 74.

6. பூஜைக்கு முன்னால் இரண்டு சைக்கிளின் சீட் கம்பியிலும் கிரீஸ். தண்ணீர் ஊற்றத்தான் போகிறாள்.

7. அலாரம் 5.15.